நெதர்லாந்தின் நடுத்தர ஊரில் அடுக்குமாடி வீடு வாங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்தோவனில் வேலை பார்த்துக்கொண்டு ஹெல்மண்டிலோ, உட்ரெக்டில் வேலை பார்த்துக்கொண்டு ஆமர்ஸ்ஃபோர்ட்டிலோ வீடு தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. ஆப்பெல்டோர்ன், டேவன்டர், ஸ்வோல என்று எந்த நடுத்தர ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும். வரி, வரம்புத் தொகைகள் 2026-ஆம் ஆண்டுக்கானவை. ஒவ்வொரு ஜனவரியிலும் இவை மாறும்.

நான் டச்சுக் குடியுரிமை வாங்கலை, அஞ்சு வருஷம்கூட ஆகலை. வீடு வாங்க விடுவாங்களா?

விடுவார்கள். வீடு வாங்க எந்த நாட்டுக் குடிமகனுக்கும் சட்டத் தடை இல்லை. கேள்வி கேட்பது வங்கிதான். பி.எஸ்.என். எனும் அரசு அடையாள எண், செல்லுபடியாகும் குடியிருப்பு அட்டை, நிரந்தர வேலை ஒப்பந்தம் மூன்றும் இருந்தால் பல வங்கிகள் சாதாரணமாகவே கடன் தரும். கென்னிஸ்மிக்ரான்ட் (திறன்மிகு வெளிநாட்டுப் பணியாளர்) அட்டையில் இருப்பவர்களுக்குச் சில வங்கிகள் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரைதான் தரும், சில முழுதாகத் தரும். ஒரு வங்கி மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டாம்.

ஒப்பந்தம் தற்காலிகமானது என்றால், நிறுவனம் தரும் வேலைச் சான்றிதழில் 'நிலைமை மாறாவிட்டால் நிரந்தரமாக்கும் எண்ணம் உண்டு' என்ற பகுதியில் தனிக் கையெழுத்து வேண்டும். சான்றிதழில் அடித்தல் திருத்தல் இருந்தாலோ இரண்டு நிறப் பேனாவில் நிரப்பியிருந்தாலோ வங்கி திருப்பி அனுப்பிவிடும். எச்.ஆர். ஆளிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

கையில எவ்வளவு காசு இருந்தா தேட ஆரம்பிக்கலாம்?

வீட்டு விளம்பரங்கள் வரும் ஃபண்டா தளத்தில் விலைக்குப் பக்கத்தில் 'கே.கே.' என்று இருக்கும். வாங்குகிறவர் செலவு தனி என்று அர்த்தம். அந்தச் செலவுக்குக் கடன் கிடையாது, உங்கள் சேமிப்பிலிருந்துதான் போகும். 3,50,000 யூரோ வீட்டுக்குக் கணக்குப் போட்டால்: சொத்து மாற்று வரி 2 சதவீதம், அதாவது 7,000. பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அதிகாரியான நோட்டாரிஸிடம் இரண்டு பத்திரங்களுக்கு 1,200 முதல் 2,000. மதிப்பீட்டு அறிக்கைக்கு 600 முதல் 900. கடன் ஆலோசகருக்கு 2,500 முதல் 3,500. என்.ஹெச்.ஜி. எனும் கடன் உத்தரவாதம் எடுத்தால் கடனில் 0.4 சதவீதம், 1,400. விலையில் 10 சதவீத முன்பணத்துக்கு ஈடாகத் தரும் வங்கி உத்தரவாதத்துக்குச் சுமார் 350. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் 200 முதல் 400. ஆக, 13,000-க்கும் 16,000-க்கும் இடையில் வரும். உங்களுக்கென்று ஒரு மாகெலார் (வீட்டுத் தரகர்) வைத்துக்கொண்டால் இன்னும் 3,000 முதல் 5,000.

இதோடு முடியாது. மதிப்பீட்டுக்கு மேல் விலை கொடுத்தால் அந்த வித்தியாசமும் கைக்காசுதான். 3,50,000-க்கு வாங்கி, மதிப்பீடு 3,35,000 என்று வந்தால் வங்கி 3,35,000-க்கு மேல் தராது. மீதி 15,000-ஐ நீங்கள் போட வேண்டும். தரை, பெயின்ட், திரைச்சீலை, விளக்கு எல்லாம் இதற்குப் பிறகு. காலியாக ஒப்படைக்கும் வீட்டில் தரை விரிப்பைக்கூட உரித்துக்கொண்டு போயிருப்பார்கள், சிமென்ட் தரைதான் இருக்கும்.

35 வயசுக்குள்ள இருந்தா வரியே இல்லைன்னு சொல்றாங்களே?

உண்மைதான், நிபந்தனைகளோடு. வாங்குகிறவருக்கு 18 வயது நிறைந்து, 35 நிறையாமல் இருக்க வேண்டும். வீட்டின் விலை 5,55,000 யூரோவுக்குள் இருக்க வேண்டும், வாங்கியபின் நீங்களே குடியிருக்க வேண்டும், இந்தச் சலுகையை இதற்குமுன் பயன்படுத்தியிருக்கக் கூடாது. வயதைப் பார்ப்பது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் அல்ல, நோட்டாரிஸிடம் பத்திரம் பதிவாகும் நாளில். 35-ஆம் பிறந்த நாள் நெருங்குகிறது என்றால் ஒப்படைப்புத் தேதியை அந்த நாளுக்கு முன்பே வைக்கக் கேளுங்கள். ஒரு வாரத் தாமதத்துக்கு 7,000 யூரோ கட்டினவர்கள் இருக்கிறார்கள்.

கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் ஒவ்வொருவர் பங்குக்கும் தனித்தனியே பார்ப்பார்கள். மனைவிக்கு 33, கணவருக்கு 37, பாதிப் பாதி என்றால் மனைவியின் பாதிக்கு வரி இல்லை, கணவரின் பாதிக்கு 2 சதவீதம். விலை வரம்பு மட்டும் முழு வீட்டுக்குப் பொருந்தும். பங்கைப் பார்த்து வரம்பு இரட்டிப்பாகாது.

என்.ஹெச்.ஜி. எடுத்தே ஆகணுமா?

கட்டாயமில்லை. ஆனால் வீடு 4,70,000 யூரோ வரம்புக்குள் இருந்தால் எடுக்காமல் விடக் காரணம் குறைவு. இது அரசு பின்னால் நிற்கும் கடன் உத்தரவாதம். வேலை போய், விவாகரத்தாகி அல்லது உடல்நிலை கெட்டு, வீட்டைக் கடனுக்குக் குறைவான விலைக்கு விற்க நேர்ந்தால் மீதிக் கடனை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தள்ளுபடி செய்வார்கள். வங்கிக்கு அபாயம் குறைவதால் வட்டியும் குறையும். ஒருமுறை கட்டும் 0.4 சதவீதம் பெரும்பாலும் சில ஆண்டுகளிலேயே வட்டியில் திரும்பி வந்துவிடும். நடுத்தர ஊர் அடுக்குமாடி வீடுகளில் பல இந்த வரம்புக்குள்தான் வரும்.

சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்? கார் லீஸ் இருக்கே?

சம்பளம், வட்டி விகிதம், மற்ற கடன்கள் மூன்றையும் வைத்து அரசு வகுத்த அட்டவணைப்படி கணக்கு போடுவார்கள். வங்கிக்கு வங்கி பெரிய வித்தியாசம் வராது. உச்ச வரம்பு வீட்டின் மதிப்பில் 100 சதவீதம். வெப்பக் காப்பு, இரட்டைக் கண்ணாடி போன்ற ஆற்றல் சேமிப்பு வேலைகளுக்கு மட்டும் 106 வரை போகலாம். எரிசக்தி முத்திரையும் கணக்கில் வரும். 'ஏ' முத்திரை வீட்டுக்கு, அதே சம்பளத்தில், 'எஃப்' முத்திரை வீட்டைவிடச் சற்று அதிகமாகக் கிடைக்கும்.

தனியார் கார் லீஸ், தவணையில் வாங்கிய போன், கடன் வசதியுள்ள கார்டு எல்லாம் பி.கே.ஆர். எனும் கடன் பதிவேட்டில் இருக்கும். நீங்கள் பயன்படுத்தாத கார்டின் கடன் வரம்பும் கழியும். கடன் கேட்குமுன் தேவையில்லாதவற்றை மூடிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கான 30 சதவீத வரிச் சலுகையில் கையில் வரும் கூடுதல் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான வங்கிகள் ஒப்பந்தத்தில் உள்ள மொத்தச் சம்பளத்தைத்தான் பார்க்கும்.

ஃபண்டாவுல போட்டிருக்கற விலைக்கே கிடைக்குமா?

சில நேரம் கிடைக்கும், பல நேரம் கிடைக்காது. போட்டியுள்ள வீடுகளுக்கு 'வியாழன் பகல் 12 மணிக்குள் உங்கள் சிறந்த விலையைத் தாருங்கள்' என்பார்கள். மற்றவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தெரியாது. கேட்பு விலை சில சமயம் கூட்டம் சேர்க்கவென்றே குறைத்துப் போட்டது, அதை மதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடாஸ்டர் எனும் நிலப் பதிவேட்டில் சில யூரோ கட்டினால் அதே கட்டடத்தில் மற்ற வீடுகள் என்ன விலைக்குப் பதிவாயின என்று பார்க்கலாம். ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பரப்பளவில் பால்கனியும் கீழ்த்தளச் சாமான் அறையும் சேராது, அவை தனியே காட்டப்பட்டிருக்கும். வரிக்காக நகராட்சி போடும் வீட்டு மதிப்பான வோஸ் மதிப்பை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அது முந்தைய ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி நிலவரம் என்பதை மனதில் வையுங்கள்.

விலை மட்டுமே தீர்மானிப்பதில்லை. ஒப்படைப்புத் தேதியில் வளைந்து கொடுப்பதும், கடன் ஆலோசகர் 'இவருக்கு இவ்வளவு கிடைக்கும்' என்று எழுதித் தந்த கடிதமும் எடைபோடும். தோற்ற பிறகு ஏலம் நேர்மையாக நடந்ததா என்று சந்தேகம் வந்தால், 2023 முதல் மாகெலார் சங்கங்களின் உறுப்பினர்கள் ஏலப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். விற்பனை உறுதியான பின் ஏலம் கேட்டவர்கள் அதைப் பார்க்கலாம்.

விக்கிற மாகெலார் ரொம்ப நல்லா பேசறாரு. தனியா ஒருத்தர் வேணுமா?

நன்றாகப் பேசுவது அவர் தொழில், கூலி கொடுப்பது விற்பவர். வீட்டைப் பற்றித் தெரிந்த குறையை அவர் மறைக்கக் கூடாது, ஆனால் உங்களுக்காகப் பேரம் பேச மாட்டார். டச்சு வாசிக்கத் தெரிந்து, பொறுமையாகக் காகிதம் பார்க்கிறவராக இருந்தால் தனி மாகெலார் இல்லாமலும் வாங்கலாம். முதல் வீடு என்றால், அடுத்த மூன்று கேள்விகளில் வரும் காகிதங்களைப் படிக்கவாவது ஒருவரை அமர்த்துங்கள். சிலர் அந்த வேலைக்கு மட்டும் தனிக் கட்டணத்தில் வருவார்கள்.

வி.வி.இ.ன்னா நம்ம ஊரு ஃபிளாட் அசோசியேஷன் மாதிரிதானே?

பெயரளவில். நம்மூர் அசோசியேஷனுக்கு மாதாமாதம் கட்டாமல் பல பேர் காலம் தள்ளலாம். இங்கே அது சட்டத்தால் உருவான அமைப்பு. வீடு வாங்கிய நொடியிலேயே உறுப்பினர், விலக முடியாது. சட்டப்படி நீங்கள் நான்கு சுவர்களை வாங்குவதில்லை. முழுக் கட்டடத்தில் ஒரு பங்கையும், குறிப்பிட்ட ஒரு வீட்டைத் தனியே பயன்படுத்தும் உரிமையையும் வாங்குகிறீர்கள். பத்திரத்தில் '2,640-இல் 41 பங்கு' என்பதுபோல் இருக்கும். கூரை மாற்றினால் செலவில் அந்த விகிதம் உங்களுடையது. ஓட்டுரிமையும் கட்டடத்தின் விதிகள் வகுத்தபடிதான், வீட்டுக்கு ஒன்று என்றே இருக்க வேண்டியதில்லை.

கூரை, வெளிச்சுவர், லிஃப்ட், குழாய்கள், பெரும்பாலான கட்டடங்களில் ஜன்னல் சட்டங்களும் பொதுச் சொத்து. கட்டடக் காப்பீடும் வி.வி.இ. பெயரில்தான் இருக்கும், வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் நீங்கள் தனியே எடுக்க வேண்டும். அடுக்குமாடி வாங்கும்போது புதுச் சமையலறையைவிட வி.வி.இ.யின் கணக்குப் புத்தகம் முக்கியம். சமையலறையை 10,000 யூரோவில் மாற்றிவிடலாம். பணமில்லாத வி.வி.இ.யை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது.

என்னென்ன காகிதம் கேட்கணும்? எல்லாம் டச்சுல கட்டு கட்டா வருதே.

கட்டடத்தைப் பங்கு பிரித்த பத்திரமும் அதன் விதிகளும், வீட்டு ஒழுங்கு விதிகள், கடைசி மூன்று பொதுக்கூட்டங்களின் குறிப்பு, கடைசி ஆண்டுக் கணக்கு, நடப்பு ஆண்டு வரவு செலவுத் திட்டம், எம்.ஜே.ஓ.பி. எனப்படும் பல ஆண்டுப் பராமரிப்புத் திட்டம், காப்பீட்டுப் பத்திரம். இவை போதும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாலே விஷயம் பிடிபடும்.

முதலில் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். கணக்கில் தெரியாதது அங்கே வரும்: மூன்றாம் மாடியில் கசிவு, லிஃப்ட் நின்றுபோனதாகப் புகார், 'கூடுதல் வசூல் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு' என்ற ஒரு வரி. அந்த ஒரு வரி உங்களுக்கு 8,000 யூரோவாக முடியலாம். பிறகு எம்.ஜே.ஓ.பி.யில் அடுத்த பத்து ஆண்டுகளின் பெரிய செலவுகளையும், கணக்கில் உள்ள சேமிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2029-இல் கூரைக்கு 1,80,000 என்று திட்டம் இருந்து, சேமிப்பு 60,000 என்றால் மீதி எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். வி.வி.இ. கடன் வாங்கியிருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். வெப்பக் காப்புக்காகக் கடன் எடுக்கும் கட்டடங்கள் அதிகரித்துவருகின்றன, உங்கள் பங்கு அந்த வீட்டோடு சேர்ந்து வரும்.

மாசம் 95 யூரோதான் வி.வி.இ. கட்டணம். பக்கத்துக் கட்டடத்துல 210. இது லாபம்தானே?

பெரும்பாலும் எதிர்மாறு. 2018 முதல் வி.வி.இ. ஆண்டுதோறும் பராமரிப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டியது சட்டம். எம்.ஜே.ஓ.பி. சொல்கிறபடி ஒதுக்கலாம், இல்லையேல் கட்டடத்தை மறுபடி கட்ட ஆகும் செலவில் குறைந்தது 0.5 சதவீதம். 60 வீடுகள், மறுகட்டுமான மதிப்பு 1.2 கோடி யூரோ என்றால் ஆண்டுக்கு 60,000. ஒரு வீட்டுக்கு மாதம் 83 யூரோ, இந்த ஒரு தலைப்புக்கு மட்டும். காப்பீடு, லிஃப்ட், படிக்கட்டுச் சுத்தம், பொது மின்சாரம், நிர்வாகக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். 95 யூரோவில் அடங்குமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். லிஃப்டும் தோட்டமும் இல்லாத சின்னக் கட்டடமாக இருந்தால் அடங்கலாம்.

210-க்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வெப்பச் செலவின் முன்பணம் அதில் சேர்ந்திருந்தால் அது உண்மையில் மலிவானது.

நகர மையத்துல பழைய வீடு, மொத்தமே நாலு ஃபிளாட். வி.வி.இ. 'தூங்குது'ன்னு மாகெலார் சொல்றாரு.

கூட்டம் நடக்கவில்லை, பணம் சேரவில்லை, வர்த்தகப் பதிவேட்டில் பதிவுகூட இல்லாமல் இருக்கலாம் என்று பொருள். டேவன்டர் போன்ற பழைய ஊர்களின் மையத்தில் இது சகஜம். சில வங்கிகள் இப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் தர மறுக்கும், சில எம்.ஜே.ஓ.பி. கேட்கும்.

வாங்கக் கூடாது என்றில்லை. நான்கு பேர் உட்கார்ந்து பேசினால் ஒரு மாதத்தில் எழுப்பிவிடலாம்: பதிவு, வங்கிக் கணக்கு, கூட்டுக் காப்பீடு, மாதச் சந்தா. ஒப்பந்தத்தில் 'பத்திரப் பதிவுக்கு முன் வி.வி.இ. பதிவாகி, பொதுக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்க வேண்டும்' என்று நிபந்தனை போடச் சொல்லுங்கள். மற்ற மூவரில் ஒருவர் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவர் என்றால் யோசிக்க வேண்டும். கூரைக்குப் பணம் கேட்டால் அவரைப் பிடிப்பது கஷ்டம்.

60-கள்ல கட்டின நீளமான கேலரி ஃபிளாட் விலை குறைவா இருக்கு. எதாவது பிரச்சினையா?

வீடு விசாலம், வெளிச்சம் நன்றாக வரும், விலையும் கட்டுப்படி ஆகும். பார்க்க வேண்டியது வெளி நடைபாதை. லேவார்டனில் 2011 மே மாதம் ஒரு அடுக்குமாடியில் மேல்மாடிக் கேலரி உடைந்து, கீழுள்ளவற்றின் மேல் விழுந்தது. கட்டடச் சுவரிலிருந்து நீட்டி நிற்கும் கான்கிரீட் பலகை அது. அப்படிப்பட்ட பலகையில் கம்பி மேற்பகுதியில் இருக்க வேண்டும், அங்கே மிகக் கீழே இருந்தது. குளிர்காலத்தில் பனி உருகத் தூவும் உப்பு விரிசல் வழியே இறங்கிக் கம்பியை அரித்தது. அதன்பின் இந்த வகைக் கட்டடங்களுக்கு ஆய்வு கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே 'கேலரி ஆய்வு அறிக்கை இருக்கிறதா, என்ன சரிசெய்தார்கள்' என்று கேட்டால் போதும். இருந்தால் நிம்மதி.

அஸ்பெஸ்டாஸ் அடுத்தது. 1993-இல் தடை வருமுன் கட்டியவற்றில் காற்றுக்குழாய், ஜன்னலுக்கடியில் உள்ள பலகை, பழைய வினைல் தரையின் அடிப்பகுதி ஆகியவற்றில் இருக்கலாம். உடைக்காமல் விட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. குளியலறையை இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் முன்பே சோதியுங்கள். ஒப்பந்தத்தில் அஸ்பெஸ்டாஸ் பிரிவும் பழைய கட்டடப் பிரிவும் இருக்கும். அவற்றில் கையெழுத்திட்டபின் அந்தக் குறைகளுக்கு விற்பவரைப் பிடிப்பது கடினம். அஸ்திவாரம் ஊரைப் பொறுத்தது. கௌடா மாதிரிக் கரிச்சேற்று நிலத்தில் உள்ள ஊர்களில் பழைய கட்டடம் என்றால் அது முதல் கேள்வி. மணல் நிலத்தில் உள்ள ஆப்பெல்டோர்னில் அந்தக் கவலை குறைவு.

ஹீட்டிங் எப்படின்னு பார்க்கணுமா? எல்லா வீட்லயும் ரேடியேட்டர் இருக்கே.

ரேடியேட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சொந்த பாய்லர் என்றால் அதன் வயதைக் கேளுங்கள். 15 வருடம் ஆகியிருந்தால் மாற்றும் செலவை மனதில் வைத்து விலை சொல்லுங்கள். கட்டடத்துக்கே ஒரு பொது பாய்லர் என்றால் மாத முன்பணம் கட்டி, ஆண்டு முடிவில் கணக்குத் தீர்ப்பார்கள். ரேடியேட்டரில் ஒட்டியிருக்கும் சிறு அளவி உங்கள் பங்கைக் காட்டும். பர்மரெண்ட் போல் நகரளாவிய வெப்பக் குழாய் உள்ள ஊரில் நிறுவனத்தை மாற்ற முடியாது, ஆனால் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. விற்பவரின் கடைசி ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

தாளிக்கற வாசனை போக பெரிய சிம்னி, தரைக்கு லாமினேட், ஒரு ஏ.சி. இதெல்லாம் நம்ம இஷ்டம்தானே?

மூன்றிலும் கையைக் கட்டியிருப்பார்கள். பல அடுக்குமாடிகளில் சமையலறை, குளியலறை, கழிவறைக் காற்றெல்லாம் கூரையில் உள்ள ஒரே பொது மோட்டார் இழுக்கும் குழாயில் போகும். அதில் மோட்டார் உள்ள சிம்னியைச் செருகினால் உங்கள் கடுகு தாளிப்பு மேல்வீட்டுக் குளியலறையில் இறங்கும், பொது மோட்டாரின் சமநிலையும் கெடும். அத்தகைய குழாய்க்கு மோட்டார் இல்லாத சிம்னி அல்லது கரி வடிகட்டியோடு காற்றை வீட்டுக்குள்ளேயே சுழலவிடும் வகைதான். கரி வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தினமும் வதக்குகிற வீட்டில் இன்னும் சீக்கிரமாக. சொந்த வெளிப்போக்குக் குழாய் உள்ள வீடு கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

தரைக்கு, வீட்டு ஒழுங்கு விதிகளில் பெரும்பாலும் 'காலடிச் சத்தம் குறைந்தது 10 டெசிபெல் குறைய வேண்டும்' என்று இருக்கும். சான்றிதழ் உள்ள அடிவிரிப்பை வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கீழ்வீட்டுக்காரர் புகார் செய்தால் அதுதான் உங்களைக் காக்கும். சில கட்டடங்களில் கடினத் தரையே கூடாது. ஏ.சி.யின் வெளி அலகு வெளிச்சுவரிலோ பால்கனியிலோ வருவதால் பொதுவாகக் கூட்டத்தின் அனுமதி வேண்டும். இண்டக்ஷன் அடுப்புக்கு மாறுவதாக இருந்தால் மின் இணைப்பின் அளவைப் பாருங்கள். பழைய கட்டடத்தில் ஒற்றைக் கட்ட இணைப்பாக இருக்கும், மேலே வரும் கேபிளே போதாமலும் போகலாம்.

'வீடு உங்களுக்குத்தான்'னு போன்ல சொல்லிட்டாங்க. இனி மாற மாட்டாங்களே?

எழுத்தில் கையெழுத்தாகும்வரை யாரும் கட்டுப்பட்டவர் இல்லை, நீங்களும்தான். ஒப்பந்தம் கையெழுத்தாகி அதன் நகல் உங்கள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் யோசிக்கும் காலம். வாங்குகிறவருக்கு மட்டுமே உரியது. காரணம் சொல்லாமல், பைசா கட்டாமல் விலகலாம். மூன்றில் இரண்டு நாளாவது வேலைநாளாக இருக்க வேண்டும். வியாழன் நகல் வந்தால் திங்கள் இரவு வரை, வெள்ளி வந்தால் செவ்வாய் இரவு வரை. விலகினால் மின்னஞ்சலில் எழுதி, கிடைத்ததாகப் பதில் வாங்குங்கள்.

கடன் கிடைக்காம போச்சுன்னா 10 சதவீதம் போயிடுமா?

கடன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற கடன் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்து, அதில் உள்ள தேதிக்குள் முறைப்படி விலகினால், முன்பணமாகவோ வங்கி உத்தரவாதமாகவோ வைத்த 10 சதவீதம் போகாது. வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் தருவார்கள். ஒப்பந்தம் கேட்பதைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வங்கிகளின் மறுப்புக் கடிதம் வேண்டும். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது கடன் மறுப்பு ஆகாது. தேதி நெருங்கியும் பதில் வரவில்லையென்றால், தேதி முடியுமுன் நீட்டிப்பைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். மறுநாள் கேட்பது வீண்.

போட்டியில் ஜெயிக்க இந்த நிபந்தனையை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். சேமிப்பு கையில் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், 3,50,000-இல் 10 சதவீதம் 35,000 யூரோ. இடைவழியாக, நிபந்தனையை முழுக் கடனுக்குப் போடாமல் குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் போடலாம். மதிப்பீடு குறைந்து வந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் கேள்வியில் பாருங்கள். நிபந்தனையில் எழுதிய தொகை அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். கட்டட ஆய்வுக்கும் இப்படி ஒரு நிபந்தனை போடலாம்: பழுதுச் செலவு இன்ன தொகையைத் தாண்டினால் விலகலாம் என்று.

ஊர்லேர்ந்து அப்பா கொஞ்சம் பணம் அனுப்பினா இங்க வரி கட்டணுமா?

இந்தியாவிலேயே வாழும் பெற்றோர் தரும் அன்பளிப்புக்கு நெதர்லாந்தில் அன்பளிப்பு வரி கிடையாது. கொடுப்பவர் வசிக்கும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். இந்தியப் பக்கத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். எனும் முன்வரி பிடிக்கும், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பி வரும்வரை அந்தப் பணமும் அப்பா கையில் இருக்க வேண்டும்.

வரியைவிடக் காகிதம்தான் இங்கே தொல்லை. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி வங்கியும் நோட்டாரிஸும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அன்பளிப்புக் கடிதம், திருப்பித் தரத் தேவையில்லை என்ற வாசகத்தோடு. அப்பாவின் கணக்கு அறிக்கை, நிலம் விற்ற பணம் என்றால் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பதிவு நாளுக்கு முந்திய வாரம் அனுப்பினால் சிக்கும், ஆறு வாரம் முன்பே உங்கள் டச்சுக் கணக்கில் இருக்கட்டும்.

நோட்டாரிஸ்கிட்ட போற அன்னிக்கு என்ன நடக்கும்?

முதலில் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பீர்கள், மாகெலாரோடு. ஒப்பந்தத்தோடு வந்த சாமான் பட்டியலைக் கையில் வைத்திருங்கள்: விட்டுச்செல்வதாகச் சொன்ன பாத்திரம் கழுவும் எந்திரம் இருக்கிறதா, ஓடுகிறதா, குழாய்களில் தண்ணீர் வருகிறதா. மீட்டர் எண்களைப் படம் எடுங்கள். குறை இருந்தால் கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள், நோட்டாரிஸிடம் ஒரு தொகையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். பிறகு இரண்டு பத்திரம்: வீட்டு மாற்றத்துக்கு ஒன்று, அடமானத்துக்கு ஒன்று. டச்சு போதுமான அளவு புரியவில்லை என்று நோட்டாரிஸ் கருதினால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தொடர மாட்டார். திருமணச் சான்றிதழ் விவரங்களையும் கேட்பார், முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். நோட்டாரிஸைத் தேர்ந்தெடுப்பது பொதுவாக வாங்குகிறவர் உரிமை. கட்டணம் இடத்துக்கு இடம் நிறைய வேறுபடும், மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

வருஷா வருஷம் என்ன கட்டணும், வட்டிக்கு என்ன திரும்ப வரும்?

நகராட்சிக்குச் சொத்து வரி, கழிவுநீர், குப்பைக் கட்டணம், நீர்வாரியத்துக்குத் தனி வரி. திரும்ப வருவது வட்டிக் கழிவு. 30 ஆண்டுக்குள் அசலும் சேர்த்துக் கட்டும் கடனுக்கு மட்டும். 3,50,000 யூரோவை 4 சதவீதத்தில் எடுத்தால் முதல் ஆண்டு வட்டி சுமார் 13,900. வோஸ் மதிப்பு 3,40,000 என்றால் அதில் 0.35 சதவீதம், 1,190 யூரோ, உங்கள் வருமானத்தில் கூட்டப்படும். மீதி 12,700-க்கு உச்சபட்சம் சுமார் 37.5 சதவீதம், மாதத்துக்கு ஏறக்குறைய 400 யூரோ. முன்கூட்டியே விண்ணப்பித்தால் மாதாமாதம் வரும். கடன் ஆலோசகர், மதிப்பீடு, அடமானப் பத்திரம், என்.ஹெச்.ஜி. செலவுகளையும் முதல் ஆண்டு கழிக்கலாம். சொத்து மாற்று வரியையும் மாகெலார் கூலியையும் கழிக்க முடியாது.

ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போனா வாடகைக்கு விட்டுக்கலாமா?

நான்கு இடத்தில் தடை வரலாம். அடமானப் பத்திரம் வங்கி அனுமதியில்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்று சொல்லும். 2022 முதல் நகராட்சிகள், குறிப்பிட்ட வோஸ் மதிப்புக்குக் கீழ் உள்ள வீடுகளை வாங்கிய நான்கு ஆண்டுக்கு வாடகைக்கு விடுவதைத் தடுக்கலாம், பல ஊர்களில் அது நடைமுறையில் உண்டு. கட்டடத்தின் பங்குப் பத்திரம் குறுகிய கால வாடகையைத் தடுத்திருக்கலாம். கடைசியாக வரி: வாடகைக்கு விட்டால் வட்டிக் கழிவு நின்றுவிடும். வாங்கும் நாளிலேயே குடியிருக்கும் எண்ணம் இல்லையென்றால் 2 சதவீதம் அல்ல, 8 சதவீதம் வரி.

முந்தின ஓனர் வி.வி.இ. பாக்கி வெச்சிருந்தா? கையெழுத்துப் போட்டபிறகு திடீர்னு கூடுதல் வசூல் வந்தா?

நடப்பு ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு ஆகிய இரண்டின் பாக்கிக்கு வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு. இதற்காகவே நோட்டாரிஸ் வி.வி.இ.யிடம் பாக்கி அறிக்கை வாங்கிப் பத்திரத்தோடு இணைக்கிறார். அதில் உள்ள தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க முடியாது. பாக்கி இருந்தால் விற்பனைத் தொகையிலிருந்தே கழித்துவிடுவார். அறிக்கை வந்ததா என்று பதிவுக்கு முந்திய நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடுதல் வசூல் சிக்கலானது. ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று மாதத்தில் பொதுக்கூட்டம் நடந்தால் ஓட்டுப் போடுகிறவர் விற்பவர், பணம் கட்டப்போகிறவர் நீங்கள். கூட்ட அறிவிப்பை உடனே உங்களுக்கு அனுப்ப வேண்டும், உங்களைக் கேட்காமல் ஓட்டளிக்கக் கூடாது, ஒப்பந்தத்துக்கு முன் எடுத்த தீர்மானத்தின் வசூல் விற்பவர் கணக்கு என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கூட்டத் தேதி தெரிந்துவிட்டால் விற்பவரிடம் ஓட்டு அதிகாரக் கடிதம் வாங்கிக்கொண்டு நீங்களே போய் உட்காருங்கள். பெரும்பாலான கட்டடங்களில் அதற்கு இடம் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் அப்போதே பார்த்துவிடலாம்.